நாம் எண்ணாத சீட்டுகள்

தேசிங்கு,

சாப்பிட்டாயா, துறைமுகத்து வேலை எப்படிப் போகிறது என்று கேட்டுத் தொடங்கும் நிலையில் நான் இல்லை. நேற்று மத்தியானம் எதிர்வீட்டுப் பெண் தன் போனை என் காதில் வைத்தாள். குப்பத்து வாட்ஸ்அப் குரூப்பில் நீ பேசிப் போட்டது. "எங்க நைனா அன்னிக்கு ஒரு கையோட வுட்டுட்டாரு. இந்த தபா அப்பிடி வுடக் கூடாது. ஞாயித்துக்கெழம எல்லாரும் ரெடியா வந்துருங்கடா." உன் குரல்தான். நான் பெற்று, பால் கொடுத்து, பேசப் பழக்கிய வாயிலிருந்து வந்த குரல். அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்காமலே போனை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நான் ஐஸ் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். புதிதாக வெட்டிய சவுக்குக் கட்டைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். பதினெட்டு எண்ணினேன். ஒன்றில் சைக்கிள் சங்கிலி சுற்றியிருந்தது. எட்டியப்பனின் மகன் லோகுவை நீங்கள் கொல்லப் போகிறீர்கள். இல்லம்மா, நாலு தட்டு தட்டத்தான் போகிறோம் என்பாய். நாலு தட்டு என்று கிளம்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எந்த அடியில் நிறுத்துவது என்று அவர்களில் ஒருத்தருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. பழவேற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடை பாயிடம் கொடுத்து, பிரதி எடுத்து, ஒன்றைக் கோயில் சுவரில் ஒட்டப் போகிறேன். வெளியூர்க்காரர் கண்ணிலும் படும் என்பதால் உனக்குத் தெரிந்த விஷயத்தையும் சேர்த்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள். ஏரியில் வலை போடுகிற இடத்துக்குப் பாடு என்று பெயர். நம் குப்பத்துக்கு இருபது பாடு. வலை போடுகிறவர்கள் இருபது செட்டு. வருடத்துக்கு ஒருமுறை கோயில் வாசலில் பித்தளைக் குடத்தை வைப்பார்கள். ஒவ்வொரு செட்டுக்காரரும் தன் பெயரை எழுதி மடித்துப் போடுவார். ஊர்த் தலைவர் கண்ணைக் கட்டிக்கொண்டு கையை விட்டு எடுப்பார். முதலில் வருகிற ஐந்து பேருக்கு முகத்துவாரத்தை ஒட்டிய ஐந்து பாடு. கடல்தண்ணீர் ஏறி இறங்கும் இடம் அது, இறால் அங்கேதான் கிடைக்கும். மிச்சம் பதினைந்து பேரும் அந்த வருடம் முழுக்கச் சேற்றைக் கலக்க வேண்டியதுதான். போன வாரம் சீட்டு எடுத்ததில் லோகு செட்டுக்கு முகத்துவாரம் விழுந்தது. தொடர்ந்து மூன்றாவது வருடம். நீ உடனே வருடத்துக்கு ஒரு கட்டமாகப் படம் வரைந்து, முகத்துவாரம் விழுந்த வருடத்துக்குச் சிவப்பு அடித்து குரூப்பில் போட்டாய். அவன் அப்பனுக்கு அன்றைக்கு மூன்று சிவப்புக் கட்டம், மகனுக்கு இன்றைக்கு மூன்று சிவப்புக் கட்டம். கீழே, 'இது தற்செயலா? புள்ளியியல் படித்தவன் கேட்கிறேன்' என்று வேறு. உன்னைப் படிக்க வைத்ததற்கு எனக்கு இது தேவைதான்.

இருபத்தொரு வருடத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். நீ ஊரார் வாயால் கேட்டு வளர்ந்த கதையை மறந்துவிட்டு இதைக் கேள். அப்போது உனக்குப் பத்து மாதம். மூன்று வருடமாக நமக்குச் சேற்றுப் பாடு. வீட்டில் கஞ்சிக்கே இழுபறி. எனக்குப் பால் வற்றிப்போய், நீ மார்பைக் கடித்துவிட்டு அழுவாய். அதில் கடைசி இரண்டு வருடமும் எட்டியப்பனுக்கு முகத்துவாரம். அவன் பெண்டாட்டி கூடை கூடையாக இறால் தூக்கிக்கொண்டு என் வாசல் வழியாகப் போவாள். எனக்கு வயிறு எரிந்தது. மூன்றாவது வருடச் சீட்டு எடுத்த அன்று உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு வெளியே நின்றிருந்தேன். அவன் பெயரை வாசித்ததும் ஆத்திரத்தில் எனக்குத் தலைகால் தெரியவில்லை. ஆம்பளைகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்த் தலைவர் கையிலிருந்து சீட்டைப் பிடுங்கினேன். அது ஈரமாக இருந்தது. சில்லென்று இருந்தது. "ஐஸ் பொட்டில வெச்சு எடுத்தாந்துகீறான்யா! தலிவரு கைக்குச் சில்லுனு தட்டுப்படட்டும்னு!" என்று கத்தினேன். மீன்காரர்களுக்கு அந்த யோசனை எவ்வளவு நியாயமாகப் பட்டது தெரியுமா? கண்ணைக் கட்டினாலும் விரலுக்குக் குளிர்ச்சி தெரியுமே. எட்டியப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். "அக்கா, மீனு கொட்டிட்டு அப்பிடியே ஓடியாந்தேன் அக்கா, என் கைதான் ஈரம்." அதற்குள் எவனோ அவன் வாயில் குத்திவிட்டான். மணலில் ஒரு பல் விழுந்ததை நான் பார்த்தேன்.

ஆறேழு பேர் அவனை மிதித்தார்கள். விலாவில் மிதிக்கும்போது வருகிற சத்தம் வேறு, வயிற்றில் மிதிக்கும்போது வருகிற சத்தம் வேறு. நான் உன்னைப் பக்கத்திலிருந்த வலைக்குவியல் மேல் உட்கார வைத்தேன். படகில் சாய்த்திருந்த துடுப்பை எடுத்தேன். அவன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள வலது கையைத் தூக்கினான். நான் அந்தக் கையை அடித்தேன், தேசிங்கு. முதல் அடியில் மணிக்கட்டு மடங்கியது. அவன் அலறினான். இரண்டாவது அடியில் எலும்பு வெளியே வந்தது. மூன்றாவது அடி எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது, பிறகு வலைக்குவியல் பக்கம் உன்மேல் போனது. உன் நைனா ஓடிவந்து துடுப்பைப் பிடுங்கினார். போலீஸ் வந்தபோது அது அவர் கையில் இருந்தது, ரத்தம் அவர் லுங்கியில் இருந்தது. "நான்தான்" என்றார். அந்த நெரிசலில் ஓங்கியது யார் என்று எட்டியப்பனையும் உன் நைனாவையும் தவிர யாரும் கவனிக்கவில்லை. பதினாலு மாதம் ஜெயிலில் இருந்தார். எட்டியப்பனுக்கு ஆஸ்பத்திரியில் கையை எடுத்துவிட்டார்கள். உன் நைனா வெளியே வந்த அன்று ஊரில் மாலை போட்டார்கள், அவரும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். பையனுக்குச் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. நீ 'எங்க நைனா கை வெச்ச ஆளு' என்று மார்தட்டும்போதெல்லாம் நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். கை வைத்தது உன் அம்மா.

அநியாயம் அதோடு நிற்கவில்லை. அந்த வருடம் மழைக்காலத்தில் நம்முடைய வலைகள் அறுந்துகொண்டே இருந்தன. எட்டியப்பனின் தம்பி ஏரிக்குள் படகு விடுகிற நாளிலெல்லாம் மறுநாள் வலையில் ஓட்டை. அண்ணனுக்காகப் பழி வாங்குகிறான் என்று ஊர் முடிவு கட்டியது. நானும்தான். அவன் படகை மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். அணைக்க ஓடிவந்தவன் முதுகு வெந்துபோனது. ஆந்திரா பக்கம் போனவன் திரும்பி வரவேயில்லை. வலை அறுவது மட்டும் நிற்கவில்லை. வாடைக்காற்று அடித்தால் கடலுக்குப் போக முடியாது, அதனால்தான் கடலுக்குப் போகிற அந்தத் தம்பி அந்த நாட்களில் ஏரிக்கு வந்தான். அதே வாடையில்தான் நண்டு குவியும். வலையைக் கடித்தது நண்டு. ஓட்டையின் ஓரத்தைப் பார்த்தால் கத்தி பட்டதா நண்டு கடித்ததா என்று நம் குப்பத்துக் குழந்தைகூடச் சொல்லும். நாங்கள் யாரும் குனிந்து பார்க்கவில்லை. இரண்டு விஷயம் சேர்ந்து நடந்தால் ஒன்று இன்னொன்றை நடத்துகிறது என்று அர்த்தமில்லை, மூன்றாவதாக ஒன்று இரண்டையும் நடத்திக்கொண்டிருக்கலாம் என்று உன் புத்தகத்தில் இருக்கிறது. நீ சத்தம் போட்டுப் படிக்கிறவன், நான் பக்கத்தில் மீன் ஆய்ந்துகொண்டே கேட்கிறவள். அந்த வரியைக் கேட்டபோது கத்தி என் விரலில் இறங்கிவிட்டது. ரத்தத்தைப் பார்த்து நீ பதறினாய், ஞாபகம் இருக்கிறதா?

அந்தக் காலேஜ் முதல் வருடப் பரீட்சை சமயத்திலேயே இன்னொன்றும் செய்தாய். தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து இருபது செட்டின் பெயரையும் எழுதி, அரிசிப் பானையில் போட்டு, "கண்ண மூடிகினு எடு மா, பத்து வருசம் நாமளே குலுக்கிப் பாக்கலாம்" என்றாய். கையைக் கழுவக்கூட விடவில்லை. நான் வருடத்துக்கு ஐந்து சீட்டு என்று எடுக்க எடுக்க நீ நோட்டில் குறித்தாய். முடிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாய். "பாத்தியா, நம்ம நைனாவுக்கு மூணு வருசம் சேந்தாப்ல முகத்துவாரம்! அப்ப நைனா இன்னா ஐஸ்லயா வெச்சாரு?" பிறகு எனக்குக் கணக்குச் சொன்னாய். ஒரு செட்டுக்கு முகத்துவாரம் விழ நாலில் ஒரு வாய்ப்பு. மூன்று தடவை தொடர்ந்து விழ அறுபத்துநாலில் ஒன்று. "ஆனா இருபது செட்டு கீது மா. வருசா வருசம் எடுத்துகினே கீறோம். யாருக்காச்சும் அப்பிடி வுழாம இருந்தாத்தான் சந்தேகப்படணும்." குடத்துக்குப் போன வருடம் யாருக்குக் கொடுத்தோம் என்ற ஞாபகமெல்லாம் கிடையாது என்றாய். நான் தரையில் கிடந்த சீட்டுகளைப் பொறுக்கினேன். நான் எடுத்த சீட்டு ஒவ்வொன்றும் ஈரமாக இருந்தது. ஐஸ் மீனை அளைந்த கை பட்டது, சில்லென்றுதான் இருக்கும். அன்றைக்குக் குடத்திலிருந்த மற்ற பத்தொன்பது சீட்டில் ஒன்றையாவது நான் தொட்டுப் பார்த்தேனா? எல்லாரும் கரையிலிருந்து நேராக வந்தவர்கள். எல்லாருடைய சீட்டும் நனைந்துதான் இருந்திருக்கும். நான் தொட்டது ஒன்றே ஒன்றை.

இத்தனையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீ. புத்தகத்தை மூடியதும் எல்லாவற்றையும் மூடிவிட்டாயா? 'இதில் ஒன்றுமில்லை, வெறும் தற்செயல்' என்று வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும், அதை அசைக்கிற அளவுக்குச் சாட்சி இருந்தால்தான் மாற்ற வேண்டும் என்று பரீட்சைத் தாளில் எழுதி மார்க் வாங்கினாய். லோகு விஷயத்தில் நீ எங்கே ஆரம்பித்தாய்? அவன் திருடன் என்பதில் ஆரம்பித்து, அதற்கு ஏற்ற கட்டத்துக்கு மட்டும் சிவப்பு அடித்தாய். நானும் மீன் விற்கிறவள், இந்த வேலை எனக்குத் தெரியும். கூடையின் மேலே பெரிய மீனை அடுக்கி, கீழே பொடியைப் போட்டு விற்றிருக்கிறேன். மேலே இருப்பதை மட்டும் பார்த்து வாங்குகிறவன் ஏமாறுவான். உன் படம் அப்படி அடுக்கிய கூடை.

அதனால் இன்று காலை ஒரு காரியம் செய்தேன். ஊர்த் தலைவர் வீட்டுக்குப் போய்ச் சீட்டு நோட்டைக் கேட்டேன். "ஒனுக்கு எதுக்கும்மா அது?" என்றார். "எம்புள்ள எண்ணாததை எண்ணணும், குடுங்க" என்றேன். கொடுத்துவிட்டார். எட்டியப்பன் சீட்டுப் போட ஆரம்பித்ததிலிருந்து இருபத்துநாலு வருடம். அவருடைய வாசலிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு கோடு, ஒரு கோடு என்று போட்டேன். சராசரியாக ஒரு செட்டுக்கு ஆறு தடவை முகத்துவாரம் வர வேண்டும். எல்லாருக்கும் ஆறு ஆறு என்றா வந்திருக்கிறது? எதிர்வீட்டுக்காரருக்கு இரண்டே தடவை. அவர் யாரையும் அடிக்கவில்லை. எட்டியப்பன் வீட்டுக்கு எட்டு. அன்றைக்கு மூன்று, இன்றைக்கு மூன்று, நடுவில் பதினெட்டு வருடத்துக்கும் சேர்த்து வெறும் இரண்டு. அந்தப் பதினெட்டு வருடத்தில் அந்த ஒற்றைக் கையன் குடும்பம் என்ன சாப்பிட்டது என்று உன் படத்தில் ஒரு கட்டமாவது உண்டா?

இருபது பேரில் அதிகம் யாருக்குத் தெரியுமா? நமக்கு. பத்து தடவை. அதிலும் நாலு வருடம் தொடர்ந்து, இடையில் ஒரு வருடம்கூட விடாமல். எந்த நாலு வருடம் என்று பார்த்தேன். நீ பிளஸ் டூ படித்த வருடம், பிறகு காலேஜில் இருந்த மூன்று வருடம். நீ பொன்னேரிக்குப் பஸ் ஏறிப் போனது அந்த இறாலில். அந்தப் புத்தகத்தை வாங்கியது அந்த இறாலில். நாலு வருடம் நம் வாசலுக்கு ஒருவன்கூடக் கட்டை தூக்கிக்கொண்டு வரவில்லையே, ஏன்? உன் நைனா மணிக்கட்டை உடைக்கிறவர் என்று ஊர் நம்பியது. பயந்துகொண்டு யாரும் எண்ணவில்லை. எண்ணுகிற கண் எப்போதும் எட்டியப்பன் வீட்டுப் பக்கமே திரும்பியிருந்தது.

ஒருவன் மட்டும் எண்ணியிருந்தான். நாலாவது வருடம் ஏலக்கரையில் எட்டியப்பன் என் கூடைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். இன்றைக்கு என் கதை முடிந்தது, குத்தப் போகிறான் என்றே நினைத்தேன். இடது கையால் துண்டைச் சரிசெய்துகொண்டு, "அக்கா, நாலு வருசமா ஒங்களுக்கே வுழுதுன்னு பசங்க சில பேரு மொணமொணன்னு பேசிகினு கீறானுங்க. சீட்டுன்னா அப்பிடித்தான்டா வுழும், எவனும் அண்ணன் ஊட்டாண்ட போய் இன்னான்னு கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். நீங்க பயப்படாதீங்க" என்றான். என்னால் நிமிர முடியவில்லை. பதினெட்டு வருடமாக வாயில் வைத்திருந்ததைக் கேட்டேவிட்டேன். "போலீசாண்ட ஏன்யா என் பேரச் சொல்லல?" "வலமேல கொயந்த ஒக்காந்துகினு இருந்துச்சே அக்கா. நீங்க ஜெயிலுக்குப் போய்ட்டா அதுக்குப் பாலு யாரு குடுப்பா?" நீதானடா அந்தக் குழந்தை. வற்றிப்போன பாலாக இருந்தாலும் அம்மாவின் பக்கத்திலேயே நீ வளர்ந்தது, என்னிடம் கை உடைபட்டவன் வாயை மூடிக்கொண்டதால். அவனுடைய ஒரே மகன் மண்டையைத்தான் ஞாயிற்றுக்கிழமை நீ பிளக்கப் போகிறாய்.

ஞாயிற்றுக்கிழமை வா. கட்டாயம் வா. கூட்டத்துக்கு நானும் வருகிறேன். பொம்பளைக்குப் பஞ்சாயத்தில் இடமில்லை என்பார்கள். அன்றைக்கு அடிக்கும்போது எனக்கு இடம் இருந்தது, அதே இடத்தில் நின்றுகொள்கிறேன். நோட்டைத் தலைவர் எல்லார் முன்னாலும் வாசிக்கட்டும். பிறகு நீ இருபது பெயரையும் எழுதிக் குடத்தில் போடு, நம்முடையதையும் சேர்த்து. உன் கையாலேயே பத்து வருடத்துக்கு எடு. எடுப்பதற்கு முன்னால், எவனுக்கு மூன்று தொடர்ந்து வருகிறதோ அவன் கையை உடைக்கலாம் என்று அங்கே நிற்கிற ஆம்பளைகள் இருபது பேரையும் ஒத்துக்கொள்ளச் சொல். ஒருத்தன் ஒத்துக்கொள்கிறானா பார்க்கிறேன். நீ ஒத்துக்கொள்கிறாயா?

உங்கள் கட்டைகளைத் தேடி ஐஸ் கொட்டகைப் பக்கம் போக வேண்டாம். சங்கிலி சுற்றியதையும் சேர்த்துப் பதினெட்டையும் இழுத்து வந்துவிட்டேன். நோட்டை எண்ணிவிட்டு வந்ததிலிருந்து ஒவ்வொன்றாக அடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறேன். பச்சைக் கட்டை, வீடெல்லாம் புகை, கண் எரிகிறது. எழுத்து கோணலாகப் போவது அதனால்தான், வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே.

இனி குப்பத்தில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு கட்டைதான். நம் வீட்டுப் பின்கதவுக்குத் தாழ்ப்பாளாக நீ தினமும் தூக்கிப் போட்டு எடுத்தாயே, அந்தத் துடுப்பு. அன்றைக்கு நான் ஓங்கியது, கேஸ் முடிந்து வீட்டுக்குத் திரும்பி வந்தது, அதுதான். அதைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து எட்டியப்பனின் இடது கையில் கொடுக்கப் போகிறேன். கொடுத்துவிட்டு என் வலது கையை வலைக்குவியல் மேல் வைப்பேன். அவன் ஓங்கினால், நீ குறுக்கே வரக் கூடாது.

உன் அம்மா